கிராங்க்கில் ஒரு மில்லி

“…நல்லாத்தான் சுத்துது, நம்பர் மட்டும் ஏறலண்ணே. பூஜ்யந்தான் நிக்குது. நீங்க வேணா மிதிச்சுப் பாருங்க” என்று அவள் சைக்கிளை என் பக்கம் தள்ளினாள்.

மிதித்தேன். ஹேண்டிலில் மாட்டியிருந்த சின்னப் பெட்டி பூஜ்யத்தை விட்டு அசையவில்லை. காரணம் எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

அவள் சாத்தூர்ப் பக்கத்துப் பெண். எங்கள் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். நான் அங்கே மெஷின் ஃபிட்டர். ஞாயிறானால் ஒரு பழைய ரேஸ் சைக்கிளில் தாராபுரம் வரை போய்த் திரும்புவாள். ஜில்லாப் போட்டியில் இரண்டு தடவை ஜெயித்தவள்.

அப்போது நாங்கள் சைக்கிள் வீரர்களுக்கான ஜெர்சி தைத்து அனுப்பிக்கொண்டிருந்தோம். அதை வாங்கும் வெள்ளைக்காரரும் சைக்கிள் பைத்தியம். கம்பெனிக்கு வந்திருந்தபோது இவள் ஓட்டுவதைப் பார்த்துவிட்டு, ஊர் போய்ச் சேர்ந்ததும், எண் காட்டும் சின்னப் பெட்டியோடு, தன்னுடைய கிராங்க் ஒன்றை, அதாவது பெடல் மாட்டும் தண்டை, அனுப்பிவைத்தார். கால் கொடுக்கும் பலத்தை அளந்து வாட் கணக்கில் காட்டும் கருவி அதற்குள்ளேயே இருந்தது. இருபது நிமிஷம் உயிரைக் கொடுத்து மிதித்து, வரும் எண்ணை மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். எண் நன்றாக இருந்தால், அவருக்குத் தெரிந்த ஒரு டீம் அவளை மூன்று மாதப் பயிற்சிக்கு அழைத்துக்கொள்ளும்.

கிராங்க்கின் அச்சு தடிமன். அவள் சைக்கிளின் பேரிங்கில் நுழையாது. அதற்கு எந்தப் பேரிங் கப் பொருந்தும் என்று, கிராங்க் வந்த அட்டைப் பெட்டிக்குள் ஒரு இங்கிலீஷ் தாள் இருந்தது. கோயம்புத்தூர்க் கடையில் கேட்டால், வரவழைக்க மூன்று வாரம் என்றார்கள். மாதக் கடைசிக்கு நான்கு வாரம் இருந்தது. காத்திருந்திருக்கலாம்.

எங்கள் ஊரில் யார் காத்திருக்கிறார்கள்? ஜெர்மன் மெஷினுக்கு ஜப்பான் ஸ்பேரை லேத்தில் கடைந்து மாட்டி ஓட்டுகிற ஊர். ‘அவங்கிட்டக் குடுங்க, எப்படியாச்சும் கோத்து உட்ருவான்’ என்பார்கள் என்னைப் பற்றி. அந்தப் பேச்சிலேயே ஊதிப் போயிருந்தேன்.

“மூணு வாரம் எதுக்கு அம்மிணி? நாளைக்கே ஓட்டலாம்” என்றேன்.

“தாள்ல இன்னும் என்னமோ போட்டிருக்குண்ணே. யாரையாச்சும் படிக்கச் சொல்லிட்டு…”

“நான் எந்த மெசினுக்கு புக்கு படிச்சிருக்கறேன்?”

சிரித்தாள். நம்பிக் கொடுத்தாள்.

கப்புக்குப் பதிலாக லேத்தில் ஒரு புஷ் கடைந்தேன், அச்சு நுழைந்தது. ஆனால் பல்சக்கரம் மாட்டும் நடுப்பகுதி பின்சட்டத்தில் உரசியது. கருவி உள்ளே இருப்பதால் அது சாதாரணக் கிராங்க்கைவிடப் பருமன். உரசிய இடத்தில் கிரைண்டரை வைத்து ஒரு மில்லி எடுத்தேன். வேறு எந்த உலோகத்திலும் அது ஒன்றுமே இல்லை. இதில், பலத்தை உணரும் இழைகள் அங்கேதான் ஒட்டப்பட்டிருந்தன.

பூஜ்யத்தைப் பார்த்துவிட்டு நான் இறங்கியதும், அவள் குனிந்து கிராங்க்கைப் பார்த்தாள். “இங்க என்னண்ணே பளபளன்னு இருக்கு?”

“லேசா… ஒரு மில்லி எடுத்தேன்.”

ஆபீஸில் மெயில் பார்க்கும் பையன்தான் தாளை வாங்கிப் படித்தான். “சட்டத்துல உரசுச்சுன்னா இந்தக் கிராங்க் அந்தச் சைக்கிளுக்கு ஆகாதுன்னு போட்டிருக்குதுங்க. இந்த எடத்துல கையே வெக்கக் கூடாதாமுங்க.”

“இன்னொன்னு கேட்டுப் பாக்கலாமா தம்பி?” என்றேன்.

“ஏனுங்க, இருக்கற ஆர்டரே பாதியாப் போச்சு. இதுல அவருகிட்ட ஒடச்சுட்டோம், வேற குடுன்னு எப்படீங்க எழுதறது?”

கப் வந்திருந்தாலும் அந்தச் சைக்கிளில் உரசித்தான் இருக்கும். அப்போது வேறு சைக்கிள் ஒன்றை இரவல் வாங்கியிருக்கலாம். கிராங்க் உயிரோடு இருந்திருக்கும்.

“தெரியாமச் செஞ்சுட்டேன் கண்ணு” என்றேன். பொய். தெரிந்துகொள்ள வேண்டாம் என்றுதான் செய்தேன். அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் இத்தனை வருஷம் அதைச் சொல்லியாவது ஆறியிருப்பேன்.

பழைய கிராங்க்கையே மாட்டிக் கொடுக்கலாம் என்று ஸ்பேனரை எடுத்தேன். அவள் அதை என் கையிலிருந்து வாங்கி மேஜைமேல் வைத்தாள். அந்த இருபது நிமிஷ ஓட்டத்துக்காக அன்று அரை நாள் லீவு சொல்லியிருந்தாள். நேரே சூப்பர்வைசரிடம் போய் லீவு வேண்டாம் என்றாள். பிறகு தன் மெஷினில் உட்கார்ந்து, ஜெர்சிக் கட்டைப் பிரித்துத் தைக்க ஆரம்பித்தாள்.