மூணு விரல் கை

இட்டுக்கட்டினது இல்லீங்க இது. தண்டலம் தாண்டி ஒரு கேன்சர் ஆஸ்பத்திரியில, போன ஆடி மாசம், பட்டப்பகல்ல நடந்தது. பேய்க்கு ராத்திரிதான் வேணும்னு நினைக்கிறவங்க தாராளமா சிரிச்சுக்கங்க.

இசக்கிசெல்விக்கு ஊர் நாங்குநேரிப் பக்கம். நோயாளியோட ஸ்கேனை வச்சு, கம்ப்யூட்டர்ல அவர் ஈரலை அப்படியே உருவாக்கித் தர்றது அவ வேலை. அதைப் பார்க்கன்னே ஒரு 3டி கண்ணாடி இருக்கு; தலையில மாட்டினா, ஈரல் மேஜைக்கு மேல அந்தரத்துல நிக்கும். கட்டி சிவப்பு, ரத்தக்குழாய் நீலம். அதைச் சுத்திவந்து பார்த்துத்தான் எங்கே அறுக்கிறதுன்னு டாக்டர் முடிவு பண்ணுவார்.

அன்னைக்கு பென்னலூர் பலராமனோட ஈரல். விடிஞ்சா ஆபரேஷன். மனுஷனுக்கு ரெண்டு பொம்பளைப் பிள்ளைங்க வேற.

ஸ்கேன்ல முந்நூறு படம் இருக்கும். ஒவ்வொண்ணா பார்க்கணும். வேலை குமிஞ்சு கிடந்தா யாரு பார்க்கிறா! கம்ப்யூட்டரே கட்டியைக் கண்டுபிடிச்சு வர்ணம் பூசிடும். இவ அஞ்சு படத்துக்கு ஒண்ணு பார்த்துட்டு ஓகே போட்டுடுவா. ஒரு வருஷமா இதே கதைதான்.

மதியம் 2.10. கண்ணாடியை மாட்டினா. ஓரத்துல எழுத்து... 'பார்ப்பவர்கள்: 2'.

ரெண்டா? இன்னொரு கண்ணாடி பெட்டிக்குள்ள சார்ஜ்ல கிடக்கு. கூட வேலை செய்யுற அன்புவுக்கு போன் போட்டா.

"அண்ணே, நீங்க பார்க்கீங்களா?"

"நான் கேன்டீன்ல கீறேன்மா. இன்னாச்சு?"

2.14. டங்... டங்... இரும்புத் தகட்டை பிரஸ்ல அடிக்கிற சத்தம். ஒரகடம் பேக்டரிங்கள்ல கேக்கலாம். ஆஸ்பத்திரிக்குள்ள ஏது?

2.16. ஈரலுக்கு அந்தப்பக்கம்... ஒரு கை.

நீல வெளிச்சத்துல. கூட ஒருத்தர் கண்ணாடி மாட்டினா அவர் கை அப்படித்தான் தெரியும். எப்பவும் அஞ்சு விரலோட.

இதுல மூணுதான்.

மெல்ல வந்தது... ஈரலோட அடிப்பக்கத்தைத் தொட்டது...

எடுக்கவே இல்ல.

டங்.

கண்ணாடியைப் பிடுங்கி எறிஞ்சா. அறையில யாருமே இல்ல. அந்த இடத்துப் படங்களைத் திறந்தா. 110 சுத்தம். 115 சுத்தம். நடுவுல, அவ தாண்டிப்போன நாலு படத்துல, கம்ப்யூட்டரும் வர்ணம் பூசாம விட்ட, பட்டாணி அளவுக்கு இன்னொரு கட்டி.

டாக்டர்கிட்ட ஓடினா. ரெண்டையும் எடுத்தாங்க. பலராமன் பொழைச்சுக்கிட்டார்.

பத்து நாள் கழிச்சு, புருஷனோட ரிப்போர்ட்டுகளை வாங்க செல்லக்கனின்னு ஒரு அம்மா வந்தாங்க. புருஷன் நம்பிராஜன், ஒரகடத்துல பிரஸ் ஆபரேட்டர். இதே ஆஸ்பத்திரியில ஈரல் ஆபரேஷன் ஆகி, ஆறு மாசத்துல போய்ச் சேர்ந்துட்டார். போன்ல அவர் போட்டோவைக் காட்டினாங்க. இசக்கிசெல்வி கண்ணு அவர் கையிலேயே நின்னுடுச்சு.

"பிரஸ்ல ரெண்டு வெரலு போச்சும்மா. பொறவு இந்த நோவு. எடுத்துட்டோம்னாவ... மறுபடியும் வந்துட்டுன்னாவ."

அவங்க போனதும் நம்பிராஜனோட ஆபரேஷனுக்கு முந்தின ஸ்கேனைத் திறந்தா. இந்தத் தடவை ஒண்ணு விடாம பார்த்தா.

ஈரலோட அடிப்பக்கம்... அதே இடம்... சின்னதா ஒண்ணு.

மறுபடியும் வரலை. அது அங்கேயேதான் இருந்திருக்கு.

கீழே பதிவு: சரிபார்த்தவர் இசக்கிசெல்வி. மதியம் 2.16.