முதல் எழுத்தைச் சின்னதாகக் கேட்டவர்

ஜமுனாமரத்தூரில் நான் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். ஒரு சந்தை நாளில், மலைத்தேன் விற்கும் அக்கா ஒருவர் பாட்டிலுக்கு லேபிள் அடிக்க வந்தார். ஒல்லியான உருவம், காதோரம் நரை. சிரிப்பு வந்தால் மூக்குத்தியைத் தொட்டு அடக்கிக்கொள்வார்.

அவர் பெயரை ஆங்கிலத்தில் அடித்துக் காட்டினேன். திரையில் விரலை வைத்தார்.

“இது இன்னா தம்பி, மொத எழுத்து மட்டும் நெட்டையா நிக்குது? சின்னதா போடு.”

“பேருன்னா மொத எழுத்து பெருசாத்தான் இருக்கணும்க்கா. அதான் ரூல்.”

“எம் பேர தமிழ்ல எழுது பாப்போம். எந்த எழுத்து பெருசா வருது?”

எழுத்தைச் சின்னதாக்கினேன், கம்ப்யூட்டர் தானாகவே அதைப் பெரிதாக்கியது. மூன்று முறை இப்படியே நடந்தது.

“அதுவும் உன்ன மாதிரியே அடம் புடிக்குது” என்று மூக்குத்தியைத் தொட்டுக்கொண்டார்.

ஒருவழியாக அவர் கேட்டபடியே அச்சிட்டேன். பாவம், பெரிய எழுத்துகள் எழுதத் தெரியாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

லேபிள்களை அவர் ஊருக்குப் போகும் ஜீப்பில் வீட்டுக்கு அனுப்ப ஓர் அட்டைப்பெட்டியில் வைத்தோம். அதன்மேல் அவரே மார்க்கரால் ஆங்கிலத்தில் விலாசம் எழுதினார். பெயர் முழுக்கச் சின்ன எழுத்து. ஊர்ப் பெயரின் தொடக்கத்தில் மட்டும் அழகான பெரிய எழுத்து!

“இதுக்கு மட்டும் இன்னாக்கா பெருசு?”

“ஊரு என்னவிட பெருசுதான?”

அவர் ஊரில் இருபது வீடுகூட இருக்காது. என்னைக் கேலி செய்கிறாரோ என்று நிமிர்ந்து பார்த்தேன். முகத்தில் சிரிப்பே இல்லை.