முதலில் எந்தக் கல்லூரி

ரேங்க் வந்த பிறகு, எந்தெந்தக் கல்லூரி வேண்டும் என்று வரிசைப்படுத்தி இணையத்தில் பதிய எங்களுக்கு ஒரு வாரம் இருந்தது. என் ரேங்குக்கு இரண்டில் எதைக் கேட்டாலும் கிடைக்கும் என்று பள்ளியில் சொன்னார்கள். ஒன்று, தெற்கே கடலோர நகரத்தில் இருக்கும் பழைய, பெரிய மருத்துவக் கல்லூரி. மற்றொன்று எங்கள் மலையிலேயே, எங்கள் ஊரான ஆனைக்கரையிலிருந்து இரண்டு மணி நேரத்தில், தொடங்கிச் சில வருடங்களே ஆன கல்லூரி.

அம்மா ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போகிறவள். அவளுக்கு இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. "பெரிய காலேஜப் போடு. நீயாவது இந்த மழையையும் அட்டையையும் விட்டு வெளிய போ" என்றாள். எனக்கும் அந்த எண்ணம்தான். அதுவரை நான் கடலைப் பார்த்ததில்லை.

அப்பாதான், பார்க்காமலே ஒன்றை வேண்டாம் என்று எப்படித் தள்ளுவது என்று கேட்டார். அவர் ஜீப் ஓட்டுகிறார். காலையில் மாநில எல்லைக்கு அந்தப் பக்கம், கம்பத்திலிருந்து ஆட்களை ஏற்றி வந்து தோட்டத்தில் இறக்கிவிட்டால், சாயங்காலம் திரும்ப ஏற்றும்வரை வண்டி சும்மாதான் நிற்கும். அந்த இடைவெளியில் ஒருநாள் இருவரும் மலைக் கல்லூரிக்குப் போனோம்.

கட்டடத்தின் ஒரு பக்கம் இன்னும் பூசாமல் நின்றது. அப்பா அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். உள்ளே ஓ.பி.யில் நல்ல கூட்டம். ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தோம்.

எங்களுக்கு அருகிலிருந்த மேசையில் ஓர் இளம் டாக்டர், தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மாவிடம் மலையாளத்தில் விசாரித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா தமிழில், "மயக்கமா வருது சார்" என்றார். டாக்டர் ராத்திரி தூக்கம் எப்படி என்று கேட்டார். நன்றாகத் தூங்குவதாக அவர் சொன்னார். மறுபடியும் மயக்கம் என்றார். டாக்டர் மறுபடியும் தூக்கத்தைப் பற்றியே கேட்டார். மலையாளத்தில் மயக்கம் என்றால் கண் அயர்வது. டாக்டர் அதைத்தான் புரிந்துகொண்டிருந்தார்.

நான் அனுமதி கேட்காமலே அவரிடம் போய், அவர்கள் சொல்வது தூக்கம் இல்லை, தலகறக்கம், கண் இருட்டி விழப் போவதுபோல வருகிறது என்று மலையாளத்தில் சொன்னேன். கோபித்துக்கொள்வாரோ என்று பயந்தேன். அவரோ பேனாவை வைத்துவிட்டு, என்னை அங்கேயே நிற்கச் சொல்லி, முதலிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். படுக்கவைத்து ஒருமுறை, எழுந்து நிற்கவைத்து ஒருமுறை பிரஷர் பார்த்தார். பையிலிருந்த மாத்திரைகளை மேசையில் கொட்டச் சொன்னார். ஒரே பிரஷர் மாத்திரை இரண்டு பெயர்களில் இருந்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில் கொடுத்தது ஒன்று, கம்பத்தில் வாங்கியது ஒன்று. அந்த அம்மா இரண்டையும் விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

டாக்டர் நான்கு மாணவர்களை அழைத்து அந்த மாத்திரைகளைக் காட்டினார். நான்கு பேரும் அந்த அம்மாவின் கையைப் பிடித்து நாடி பார்த்தார்கள். பிறகு என்னிடம், "வேறே ஏது வாக்குகள் இங்ஙனெ மாறும்?" என்று கேட்டார். இப்படிக் குழப்பும் வேறு வார்த்தைகளை யோசித்து யோசித்துச் சொன்னேன்; அவர் எழுதிக்கொண்டார்.

திரும்பும் வழியில் வண்டி ஓட்டிக்கொண்டே அப்பா, "அந்தம்மாவுக்காகன்னு இங்க சேர வேணாம் பாப்பா. அவுங்க சரியாயி வீட்டுக்குப் போயிருவாங்க. நீதான் இத்தன வருசம் இருக்கணும்" என்றார்.

எனக்கு அந்த அம்மாவைவிட, மேசையைச் சுற்றி நின்ற அந்த நான்கு பேர்தான் கண்ணுக்குள் நின்றார்கள். ஐந்தாவதாக நானும் அங்கே நிற்க வேண்டும் போல இருந்தது. அதை அப்பாவிடம் சொன்னேன்.

மலைக் கல்லூரியையே முதலாவதாகப் பதிந்தேன். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் துணி மடித்துக்கொண்டே, "தூரமாப் போகப் பயந்துட்டியா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது.

"கொஞ்சம் பயம்தாம்மா. ஆனா அதுக்காகப் போடல."

அம்மா என் முகத்தையே பார்த்தாள். பிறகு, ஹாஸ்டலில் சுடுதண்ணீர் வருமா என்று கேட்டாள்.

இப்போது நான்காம் வருடம். கடலோரக் கல்லூரியில் சேர்ந்த என் பள்ளித் தோழி ஒரு வாரத்தில் பார்க்கும் நோய்களை நாங்கள் ஒரு மாதத்தில்கூடப் பார்ப்பதில்லை. அவள் போனில் சொல்லும்போது சில நாள் பொறாமையாகத்தான் இருக்கும்.

போன மாதம் பிரசவ வார்டில் முதன்முறையாக ஒரு குழந்தையை என் கையில் வாங்கினேன். வெளியே வந்ததும் அம்மாவுக்கு போன் செய்தேன். தோட்டத்தில் இருந்தாள். என்னிடம் எதுவும் சொல்லாமல், பக்கத்தில் காய் எடுத்துக்கொண்டிருந்தவர்களிடம் விஷயத்தைச் சத்தமாகச் சொன்னாள். என்ன குழந்தை என்று யாரோ கேட்பது கேட்டது.

"பொம்பளப் பிள்ளம்மா" என்றேன். அதையும் அவர்களிடம் சொன்னாள்.