செவன் சிஸ்டர்ஸ் கடலோரத்தில் ஒரு கொட்டில் விருந்து

ஒக்டோபரில் லண்டனிலிருந்து கடலோரம் போகலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: தாராளமாகப் போகலாம், கூரையை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

என்னோடு வேலை செய்யும் மிரியம் யூதப் பெண். வட லண்டனில், ஹென்டனில் இரண்டு மகள்களோடு இருக்கிறார். சுக்கோத் என்ற அவர்களுடைய பண்டிகை வாரத்தில் சாப்பாடு கொட்டிலுக்குள்தான். அதன் கூரை மண்ணில் முளைத்து வெட்டப்பட்ட ஏதாவதொன்றால் ஆனதாக இருக்க வேண்டும். ஊர் பார்க்கப் போனாலும் விதி விடாது என்பதால், மடிக்கக்கூடிய கொட்டிலொன்றைக் காரில் ஏற்றிவிடுவார்கள். அதை நட்டுப் பிரார்த்தனை சொல்வது அவருடைய கணவரின் வேலை. அவர் போன வருடம் காலமாகிவிட்டார். இந்த முறை தானே செய்து பார்ப்பதாகவும், சரிவராவிட்டால் கொட்டிலை யாருக்காவது கொடுத்துவிடுவதாகவும் சொல்லித்தான் மிரியம் எங்களை அழைத்தார்.

ஞாயிறு காலை, நாங்கள் இருக்கும் தென் லண்டன் மிச்சம் (Mitcham) பகுதியிலிருந்து ஹென்டன் போனோம். வெறுங்கையோடு போக எங்களுக்கு வருமா? நாங்கள் சமைத்தது கோஷர் என்ற அவர்களுடைய உணவு விதிக்கு ஆகாது. ஆகவே ஒரு பெட்டி மாதுளம்பழமும், தட்டுக்குப் பதிலாகத் தமிழ்க்கடை வாழை இலை ஒரு கட்டும் வாங்கினோம். ஏழு பேர் அமரக்கூடிய மிரியத்தின் காரில் எல்லாவற்றையும் அடுக்கியது என் கணவர். அடுக்குவதில் தன்னை வெல்ல ஆளில்லை என்பது அவருடைய எண்ணம்.

எம்25, எம்23, பிறகு ஏ27 நெடுஞ்சாலைகள். ஏறத்தாழ 85 மைல், இரண்டரை மணி நேரம். செவன் சிஸ்டர்ஸ் என்ற அந்த வெள்ளைப் பாறைகளைக் கண்டதும் பிள்ளைகள் துள்ளினார்கள். காற்றுக்கு மறைவாகக் காரை நிறுத்தி, துணிச் சுவர்களைக் கட்டி, மேலே மரச்சட்டங்களையும் வைத்தோம். மிரியம் கூரைக்கான மூங்கில் பாயைக் கேட்டார். என் கணவர் என் பக்கம் திரும்பினார்.

“இஞ்சரப்பா, பழப்பெட்டி வைக்க இடமில்லையெண்டு அந்தப் பாயை வெளியில எடுத்து வைச்சனான். திருப்பி ஏத்தேல்லை.”

“எங்க வைச்சனீங்கள்?”

“ஹென்டனில, மதிலோட.”

மாதுளம்பழத்துக்காகக் கூரையை விட்டுவிட்டு வந்த மனிதரை என்ன செய்வது! கூரையில்லாமல் அவர்கள் சாப்பிட முடியாது. மிரியத்தின் சின்ன மகள் ரொட்டியைத் திரும்பப் பைக்குள் வைத்தாள். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அப்போதுதான் வாழை இலை நினைவுக்கு வந்தது. இது ஆகுமா என்று கேட்டேன். மிரியம் தங்கள் மதகுருவான ரபியை ஃபோனில் பிடித்தார். வெட்டிய இலைதானா, அதில் யாராவது சாப்பிட்டார்களா, நிழல் விழுமா என்று விசாரித்துவிட்டு, தாராளமாகப் போடச் சொன்னார் அவர். என் கணவர் பழப்பெட்டியின் மேல் ஏறி இலைகளைப் பரப்ப, காற்று தூக்காமலிருக்க மிச்சச் சட்டங்களை மேலே வைத்தோம்.

பச்சை வெளிச்சத்தில் மிரியம் திராட்சை ரசக் கிண்ணத்தை உயர்த்திப் பிரார்த்தனையைத் தொடங்கினார். முதல் சொல்லில் குரல் உடைந்தது. பிறகு கடலிரைச்சலையும் மீறிக் கணீரென்று வந்தது. பிள்ளைகள் உரக்க ஆமென் சொன்னார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பின்னிய ரொட்டி, அடைத்த குடைமிளகாய், தேன் கேக் என்று வயிறு முட்டச் சாப்பிட்டோம்.

போகிறவர்களுக்கு: காலையிலேயே புறப்படுங்கள், பிந்தினால் கார் நிறுத்த இடம் கிடைக்காது. காற்றுத் தாங்கும் ஜாக்கெட் அவசியம். பாறை விளிம்புக்குக் கிட்டப் போகவேண்டாம், சுண்ணாம்புக்கல் இடிந்து விழும். யூத நண்பர்களோடு போனால் எதைக் கொண்டுவரலாம் என்று முதலே கேளுங்கள், கேட்டால் சந்தோஷப்படுவார்கள்.

திரும்பும் வழியில் மிரியம் காரின் கண்ணாடியில் பின்னாலிருந்த மகள்களைப் பார்த்து, அடுத்த வருடம் கொட்டிலைக் கடலுக்குக் கொண்டுபோவோமா, மலைக்கா என்று கேட்டார்.