தறி நின்ற நேரத்தில் சொன்ன கோட்

சோமனூர்க் கடைவீதியில் மழை ஈரத்தில் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டில் எலும்பு விரிசல். மாவுக்கட்டோடு வீட்டுக்குள் நுழைந்தபோது அத்தை, "இந்தக் கையை வெச்சுட்டு எப்படிக் கண்ணு வேலை செய்வே?" என்று கேட்டார். என் கணவரின் அம்மா அவர். நான் கோவையில் இருக்கும் ஒரு மென்பொருள் நிறுவனத்துக்காக வீட்டிலிருந்தே கோட் எழுதுகிறேன்.

அப்போது ஒரு பள்ளிக்கூடத்துக்காகச் செயலி ஒன்று செய்துகொண்டிருந்தோம். பேருந்து நிறுத்தத்தை நெருங்கும்போது பெற்றோரின் கைப்பேசிக்குத் தகவல் போக வேண்டும். டீம் லீட் லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார். எனக்குத்தான் மனம் வரவில்லை. முதல் வரியிலிருந்து நான் எழுதியது. அதை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா படுத்திருக்க முடியுமா?

புனேயில் இருக்கும் தோழிதான் வழி சொன்னாள். நான் எழுதுவதைச் சரிபார்ப்பது அவள் வேலை. தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. "வாயால் சொல், எடிட்டரே எழுதிக்கொள்ளும்" என்று ஆங்கிலத்தில் சொல்லி, எதை நிறுவ வேண்டும் என்றும் அனுப்பினாள்.

ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஆரம்பித்தேன். என்னுடைய ஆங்கிலம் அதற்குப் பிடிபட ஒரு நாள் ஆனது. தறிச் சத்தத்துக்குத்தான் ஒரு வழியும் தெரியவில்லை. வீட்டுக்குப் பின்னால் என் கணவரின் விசைத்தறிக் கொட்டகை, எங்கள் பேச்சில் செட். நான் மூச்சு வாங்க நிறுத்தும் இடத்திலெல்லாம் எடிட்டர் 'தட் தட் தட்' என்று ஆங்கிலத்தில் அடித்துத் தள்ளியது. ஜன்னலைச் சாத்தினேன். கதவிடுக்கில் துண்டைத் திணித்தேன். கடைசியில் போர்வைக்குள் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்ததைக் கணவர் பார்த்துவிட்டார்.

"ஏனம்மணி, உள்ள உக்காந்து வேகறே?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நேராக செட்டுக்குப் போய் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். அங்கே டீயை ஆள் மாற்றி ஆள்தான் குடிப்பார்கள். அதனால் தறி நிற்பதே இல்லை. தறி ஓட்டும் அக்கா ஒருவர், "அதுக்கென்னங்க, எல்லாரும் ஒண்ணாக் குடிச்சாப் போச்சு" என்றாராம். மறுநாள் சாயங்காலம் எல்லாத் தறியும் ஒரே சமயத்தில் நின்றன. காதில் அடைத்திருந்த எதையோ பிடுங்கிவிட்டது போலிருந்தது. பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலடிப்பது கூடக் கேட்டது.

அதிலிருந்து என் நாளே மாறிப்போனது. பகலெல்லாம் இடது கையால் திருத்துவது, என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பது. டீ நேரம் வந்ததும் மளமளவென்று சொல்லி முடிப்பது. அவசரத்தில் "செமிகோலனுங்க" என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். மரியாதை கொடுத்தாலும் அது தப்பாகத்தான் எழுதியது.

எல்லோரும் ஒன்றாக உட்காருகிறார்களே என்று அத்தை டீக்கு வடை சுட ஆரம்பித்தார். ஒரு நாள், பேருந்துப் பாதைகளைப் பிரிக்கும் பகுதிக்கு மேலே விளக்கக் குறிப்பு ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அத்தை தட்டோடு என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று கேட்டார்.

"கண்ணு, வடை திங்கறியா?"

மைக்கை அணைக்காமல் திரும்பி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டேன். அதற்குள் தறி ஓட ஆரம்பித்துவிட்டது. எழுதியிருந்ததைப் படித்துப் பார்க்காமல் தோழிக்கு அனுப்பிவிட்டேன்.

காலையில் அவளுடைய பதில் வந்திருந்தது. 'இந்தக் குறிப்பு மட்டும் விளங்கவில்லை. எந்த நாள், எந்த ஏரியா என்று கேட்டிருக்கிறாயே? நாளுக்கு நாள் பாதை மாறுமா? டீம் லீடையும் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.'

கோட் ஃபைலைத் திறந்து பார்த்தேன். அத்தையின் வாக்கியம் அங்கே ஆங்கிலமாகி உட்கார்ந்திருந்தது: 'கேன் யூ வாட் டே திங்க் ஏரியா.' கண்ணு என்றது 'கேன் யூ' ஆகியிருந்தது. வடை 'வாட் டே'. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தால், அதற்கு முன்னால் டீம் லீடே கூப்பிட்டுவிட்டார்.

"நல்ல கேள்வி கேட்டீங்க. ஸ்கூல்ல விசாரிச்சனுங்க. சனிக்கிழமை பெரிய கிளாசுக்கு மட்டுந்தான் ஸ்கூலாம். அவிநாசிப் பக்கம் மட்டுந்தான் வண்டி போகுமாம். நம்மகிட்டச் சொல்ல மறந்துபோட்டாங்களாம். இப்படியே விட்டிருந்தா மத்த ஊர்ல எல்லாம் வராத வண்டிக்கு மெசேஜ் போயிருக்கும். எப்படிங்க தோணுச்சு?"

"எனக்குத் தோணலைங்க. எங்க அத்தை வடை திங்கறியான்னு கேட்டாங்க. அது அப்படி எழுதிருச்சு."

"வடையாங்க?" என்றார். அடுத்து வந்த சிரிப்பில் நான் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

அத்தையிடம் சொன்னபோது அவருக்குப் பெருமையைவிடக் கவலைதான் அதிகம். "நான் பேசறதெல்லாம் புனே வரைக்கும் போகுதா? உங்க சித்தியப் பத்திக்கூட ஏதோ சொன்னனே" என்று முகம் சுருங்கிப்போனார். அதையெல்லாம் அழித்துவிட்டேன் என்று நான் சொன்ன பிறகுதான் அடுப்படிக்குப் போனார்.

சனிக்கிழமைக்கான பகுதியை முழுக்க வாயாலேயே சொல்லி முடித்தேன். தோழி ஒரு பிழைகூடக் காட்டவில்லை. சொல்லும் முன்பு யோசித்தாக வேண்டியிருந்ததாலோ என்னவோ, நான் வழக்கமாக எழுதுவதைவிடப் பாதி வரிகளே ஆகியிருந்தன.

கட்டைப் பிரித்த அன்று கணவர் செட்டுக்குப் போய், "கை சரியாப் போச்சுங்க. இனிப் பழையபடி ஆள் மாத்திக் குடிச்சுக்கலாம்" என்றார். தறி ஓட்டும் அக்கா எழுந்துகூட நிற்கவில்லை.

"அதுக்கில்லீங்க. இத்தனை வருசமா பக்கத்துத் தறிக்காரிகிட்ட ஒரு வார்த்தை பேசுனதில்லை. சத்தத்துல எங்க கேக்குது? இப்பத்தான் அவ மகளுக்கு மாப்பிள்ளை பாக்கறதே தெரியும். இப்படியே இருந்துட்டுப் போகட்டுங்க."

கணவர் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வந்தார். சாயங்காலம் தறிகள் நின்றதும் நானும் டம்ளரை எடுத்துக்கொண்டு போய் அவர்களோடு உட்கார்ந்தேன். மாப்பிள்ளை பெரியநாயக்கன்பாளையத்தில் பட்டறை வைத்திருக்கிறாராம், பெண்ணுக்குப் பிடித்துவிட்டதாம்.