அப்பாவை ஏமாற்றிய ஆறு மாதம்

என் அப்பாவுக்குச் சடை பின்னத் தெரியும் என்றால் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டியவர். எத்தனை சோப்பு போட்டாலும் விரல் இடுக்கில் எண்ணெய்க் கறுப்பு போகாது. மஞ்சள் காமாலையில் அம்மா இறந்த பிறகு இரண்டு வருஷம் அந்தக் கைதான் எனக்குத் தலை பின்னியது. ஒரு சடை காதுக்கு மேலே நிற்கும், மற்றது பிடரியில் தொங்கும். வகுப்பில் சிரிப்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவைப்பேன். அந்தப் பத்து நிமிஷம்தான் நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளும் நேரம் என்பது அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது.

அம்மாவின் காரியத்தன்றே என் விஷயம் முடிவாகிவிட்டது. கரையான்சாவடியிலிருந்து வந்திருந்த தாய்மாமன் வாயைத் திறக்கவில்லை. அவருக்கும் சேர்த்து அவர் மனைவி, என் அத்தை, பேசினாள்.

"இப்ப உங்கூடவே இருக்கட்டும்ணா. வயசுக்கு வந்துட்டான்னா நாங்க இட்டுகினு பூடுவோம். ஒண்டி ஆம்பள கீற ஊட்ல பொண்ண எப்டி வுடறது?"

அப்பா தலையாட்டினார். அத்தை கெட்டவள் இல்லை. அவளுடைய பெண்களும் வயதுக்கு வந்த அன்றோடு பள்ளிக்கூடத்தை விட்டு மாடு கழுவப் போனவர்கள்தான். என்னைத் தனியாக வஞ்சிக்க அவள் நினைக்கவில்லை. ஆனால் பள்ளிக்கூடமும் அப்பாவும் ஒரே நாளில் என் கையை விட்டுப் போய்விடும் என்பது மட்டும் எனக்குப் பிடிபட்டுவிட்டது.

எட்டாம் வகுப்பில், ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, தையல் வகுப்பில் அது நடந்தது. மற்ற பெண்கள் அம்மாவிடம் ஓடுவார்கள். பச்சை ஓலையில் குடிசை கட்டி, மஞ்சள் நீர் ஊற்றி, பதினாறு நாள் கொண்டாட்டம் நடக்கும். நான் பையைப் பின்னால் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். டிரங்குப் பெட்டியிலிருந்த அம்மாவின் பழைய புடவையைக் கிழித்தேன். வரிசை வீட்டுப் பெண்கள் சாப்பிட்டுக் கண்ணயரும் நேரமாகப் பார்த்துக் கிணற்றடிக்குப் போனேன். நான் வாயைத் திறக்காதவரை நான் சின்னப் பெண்தான் என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன். சட்டம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மாதாமாதம் அந்த மூன்று நாளும் யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று வாய் துடிக்கும். சொல்ல ஒருவரும் இல்லை.

அது நடந்து ஒரு வாரம் போனதும் அப்பா சீப்பை என் கையில் கொடுத்தார். "இனிமே நீயே பின்னிக்க கண்ணு. எனுக்கு கை நோவுது" என்றார். அன்றைக்கு என்னை யாரோ தெருவில் விட்டுவிட்டுப் போனது போல இருந்தது. எனக்கே ஒழுங்காகப் பின்ன வந்தது இன்னும் அழுகையைக் கிளப்பியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் உளுந்தங்களி கிண்டினார். சோறும் ரசமும் தவிர வேறெதுவும் தெரியாத மனிதர். களி கட்டி கட்டியாக, அடியில் கருகி இருந்தது. நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் நிற்கிற அளவுக்கு ஊற்றினார். "கடையில நல்ல உளுந்து கெட்ச்சிது, துன்னு" என்று சொல்லிவிட்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பிறகு வாரம் தவறாமல் களி. நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினேன். பிறகு ஒருநாள் அவருடைய பழைய வேட்டி துவைத்து, துண்டு துண்டாகக் கிழித்து, டிரங்குப் பெட்டி மேல் மடித்து வைக்கப்பட்டிருந்தது. லேத் மிஷின் துடைக்க எடுத்து வைத்திருக்கிறார், மறந்துவிட்டார் என்று நினைத்து மெல்ல எடுத்துக்கொண்டேன். திருடினோமே என்று வெகுநாள் உறுத்தியது.

தை மாதம் அத்தை வந்தாள். மேலும் கீழும் என்னைப் பார்த்தாள். காப்பித் தம்ளரை வாங்கிக்கொண்டே அப்பாவிடம் கேட்டாள்.

"இன்னாண்ணா, உன் பொண்ணு இன்னும் ஆவலையா?"

"இல்ல தங்கச்சி. அது இன்னும் கொயந்த."

கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். நான் ஜெயித்துவிட்டேன். அத்தை பஸ் ஏறிப் போனதும் குதித்திருக்க வேண்டும். மாறாக மூலையில் உட்கார்ந்து விசும்பி விசும்பி அழுதேன். ஒரே அறையில் ஆறு மாதம் கூட இருந்தவர் என்னை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லையே, பார்த்திருந்தால் தெரிந்திருக்காதா என்று ஆற்றாமை. இவ்வளவு சுலபமாக ஏமாறுகிற அளவுக்கா நான் அவருக்கு ஒன்றுமில்லாமல் போய்விட்டேன்?

அப்பா உள்ளே வந்தார். "இன்னாத்துக்கு கண்ணு அய்வுற?"

வயிற்று வலி என்றேன். அவர் வெந்நீர் வைத்து என் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். பிறகு வெளியே போய், வாசற்படியில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். நான் அழுது முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் என்னவாம் என்று அந்த முதுகின் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. முதல் வாரத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது என்றும், தெரிந்துதான் அத்தையிடம் பொய் சொன்னார் என்றும் பின்னால் விளங்கியது. அப்போது என் துக்கம் எனக்குப் பெரிதாக இருந்தது. அவருக்கும் சொல்லி அழ ஒருவரும் இல்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.