இஞ்சு போல்ட்டும் மெட்ரிக் போல்ட்டும்

பக்கவாதம் வந்தபோது அண்ணனுக்கு நாற்பத்து மூன்று வயது. வலது கை விழுந்துவிட்டது. இடது கை நன்றாக இருந்தது, நடக்கவும் முடிந்தது. பேச்சும் திரும்பவில்லை. பசித்தாலும் கோபம் வந்தாலும் "சரி" என்ற ஒரு சொல்தான் வாயில் வரும்.

"பதினாறு வருஷத்துல நான் சொன்ன எதுக்காவது சரின்னிருப்பாரா? இப்பப் பாரு தம்பி, எல்லாத்துக்கும் சரிங்கிறாரு" என்று அண்ணி சிரித்தார். சிரித்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வடக்கே போபோடியில் ஒரே அறையில் அண்ணன், அண்ணி, இரண்டு பெண் குழந்தைகள், நான். அண்ணன் ஒரு இன்ஜினியரிங் கம்பெனியில் ஸ்டோர்கீப்பர். நான் அங்கேயே பேக்கிங்கில் இருந்தேன். அண்ணனுக்கு வேலை போனால் அவர்கள் நாலு பேரும் குடியாத்தத்தில் அண்ணியின் தம்பி வீட்டுக்குப் போய் ஒண்டவேண்டியதுதான்.

அறுபதுகளின் தொடக்கம் அது. கம்பெனி இஞ்சு அளவை விட்டு மெட்ரிக்குக்கு மாறிக்கொண்டிருந்தது. ஸ்டோரில் அரை இஞ்சு போல்ட்டும் பன்னிரண்டு மில்லிமீட்டர் போல்ட்டும் கலந்து கிடந்தன. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். "இதைப் பிரித்துப் போடட்டும், உட்கார்ந்தே செய்யலாம். ஒரு மாதம் கழித்துக் கூட்டி வா" என்றார் மேனேஜர். நல்ல மனிதர்.

பழைய சாமான் விற்கும் ஜூனா பஜாரில் ஒரு பை நிறைய இஞ்சு போல்ட் பொறுக்கி வந்தேன். மெட்ரிக் அங்கே கிடைக்கவில்லை, அதை மட்டும் கடையில் வாங்கினேன். "மரை நெருக்கமா இருந்தா மெட்ரிக். தள்ளித் தள்ளி இருந்தா இஞ்சு. புரியுதாண்ணா?" என்று பத்துத் தடவை சொல்லியிருப்பேன். என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். "சரி" என்பார். கையில் இருந்ததை எதிரில் வைத்த இரண்டு தட்டில் ஏதோ ஒன்றில் போடுவார்.

சொல்வது அவருக்குப் புரியவில்லை என்று தெரிந்த பிறகு சொல்வதை விட்டுவிட்டேன். ஒவ்வொன்றாகக் கையில் கொடுப்பேன். தப்பாகப் போட்டால் பேசாமல் எடுத்து அடுத்த தட்டில் வைப்பேன். இரண்டு வாரத்தில் பிடிபட ஆரம்பித்தது. மூன்றாவது வாரம் ஒரு தப்பும் இல்லை. குழந்தைகள் கை தட்டினார்கள். அடுத்த மாதம் டியூட்டிக்குப் போகிறார் என்று அண்ணி பக்கத்து வீடுகளில் சொல்லிவிட்டார்.

மேனேஜர் சொன்ன நாளில் கூட்டிப்போனேன். ஸ்டோரில் மேஜைமேல் ஒரு குவியலும், இஞ்சுக்கு ஒன்று மெட்ரிக்குக்கு ஒன்று என இரண்டு பெட்டியும் வைத்திருந்தார்கள். அண்ணனுக்குக் கை அழுக்காகக் கூடாதென்று எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்திருந்தார்கள். முதல் போல்ட்டை எடுத்தார், மெட்ரிக் பெட்டியில் போட்டார். இரண்டாவதும் அதில்தான். பிறகு வேகமாக எடுத்து எடுத்து எல்லாவற்றையும் அதிலேயே போட்டார். நடுவில் ஒருமுறை என்னைப் பார்த்தார். உடம்பு கெட்ட பிறகு அவர் முகத்தில் அவ்வளவு தெம்பை நான் பார்த்ததில்லை.

"அரே மத்ராசி, ஸப் ஏக் ஹீ டப்பே மே?" என்று, எல்லாம் ஒரே பெட்டியிலா எனக் கேட்டு ஃபோர்மேன் சிரித்தார்.

"பஸ், பஸ்" என்று, போதும் என்பதுபோல் மேனேஜர் அண்ணனின் தோளைத் தொட்டார்.

"சரி" என்றார் அண்ணன்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் வாங்கிய மெட்ரிக் எல்லாம் புதுசு, பளபளப்பு. பொறுக்கி வந்த இஞ்சு எல்லாம் துரு. இங்கே கழுவியதில் எல்லாமே பளபளத்தன. அண்ணன் மரையைப் பார்க்கவே இல்லை. பளபளப்பை ஒரு பக்கமும் துருவை ஒரு பக்கமும் போடத்தான் நான் அவருக்குப் பழக்கியிருந்தேன். அவர் சரியாகத்தான் செய்தார்.

மேனேஜர் என்னைப் பார்த்து, "குச் போல்னா ஹை?" என்று, ஏதாவது சொல்ல வேண்டுமா எனக் கேட்டார். என் மேல்தான் தப்பு, இன்னும் பத்து நாள் கொடுங்கள் என்று சொல்லும் அளவுக்கு எனக்கு இந்தி தெரியும். ஃபோர்மேன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன்.

வீட்டில் அண்ணியிடம் நடந்ததைச் சொன்னேன். "கேட்டாருல்ல? வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன? அவருக்குத்தான் பேச்சு போச்சு. உனக்கென்ன கேடு தம்பி?" என்றார். அதற்கப்புறம் அண்ணி என்னிடம் அதிகம் பேசவில்லை.

அண்ணனுக்கு வேலை இல்லை என்றாகிவிட்டது. அவர்கள் குடியாத்தம் கிளம்ப இரண்டு வாரம் இருந்தது. எல்லா போல்ட்டையும் துருப் போகத் தேய்த்துக் கழுவி மறுபடி ஆரம்பித்தேன். தெரிந்ததெல்லாம் திடீரென்று தப்பாகிப் போனதில் அண்ணன் தட்டை வீசியடித்தார். ஒரு வாரம் அப்படியே போனது. அதன் பிறகு இடது கைக் கட்டைவிரல் நகத்தை மரைமேல் ஓட்டிப் பார்க்கத் தொடங்கினார். பத்துக்கு ஏழு, எட்டு சரியாக விழுந்தது.

இதையாவது மேனேஜரிடம் சொல்லிவிடலாம் என்று சாப்பாட்டு நேரத்தில் ஸ்டோர் வரை போனேன். அண்ணன் இடத்தில் புதிதாக ஒருவன் உட்கார்ந்திருந்தான். ஒரு மெட்ரிக் நட்டை மேஜையோரத்து வைஸ் பிடியில் இறுக்கிவைத்து, ஒவ்வொரு போல்ட்டாக அதில் திருகிப் பார்த்தான். ஏறினால் ஒரு பெட்டி, ஏறாவிட்டால் இன்னொரு பெட்டி. மரையையோ பளபளப்பையோ அவன் பார்க்கவில்லை. ஒரு கைதான் தேவைப்பட்டது.

கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு பேக்கிங்குக்குத் திரும்பினேன். வீட்டில் இதைச் சொல்லவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்களை ரயிலேற்றிவிட்டேன்.